கொள்ளிடத்துக்கு வடக்கே பழைய சுரங்கம் தேடிப் போகிறவர்களுக்கு

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: ஊர் கும்பகோணம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் கையில் இருக்கிறது. டெல்டாவிலோ அதன் பக்கத்திலோ பழைய சுரங்க வாசல் ஏதாவது பார்க்க முடியுமா, அரியலூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதைச் சுற்றி வேறு என்னென்ன பார்க்கலாம்?

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மலையைக் குடைந்து, மரச்சட்டம் முட்டுக்கொடுத்து, உள்ளே தண்டவாளம் போகிற மாதிரி ஒரு வாசல் இங்கே கிடையாது. பிள்ளைகள் மனதில் இருப்பது அந்தப் படமாகத்தான் இருக்கும். அது கோலார் தங்கவயல் வகை. அங்கே 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள், 2001இல் மூடிவிட்டார்கள். நம் பக்கத்தில் அப்படிக் குடைய முடியாததற்குக் காரணம் நம் காலடி மண்ணிலேயே இருக்கிறது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: வண்டல், மணல், களி, மறுபடி மணல். பாறை என்று ஒன்று கைக்கு எட்டுவதற்குள் தண்ணீர் வந்து நிற்கும். கூரை நிற்காத மண்ணில் சுரங்கப் பாதை எப்படிப் போடுவது?

பாறை வேண்டுமென்றால் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். திருமானூர்ப் பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதுமே நெல் வயல் குறைந்து கரிசலும் செம்மண்ணும் வரும். அந்தக் கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் படிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் அது. கல் மேலாகவே கிடப்பதால் குடைய வேண்டிய அவசியமில்லை. மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு, படி படியாக வெட்டிக்கொண்டே இறங்குவார்கள். அதனால் இங்கே சுரங்கத்தின் வாசல் என்பது பள்ளத்துக்குள் சரிந்து இறங்கும் லாரிப் பாதைதான். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் ‘மைன்ஸ்’ என்றே சொல்வார்கள். யாரிடமாவது வழி கேட்டால் நீங்களும் அப்படியே கேளுங்கள், உடனே புரியும்.

என் கருத்து இதுதான்: பள்ளத்தைத் தேடிப் போகாதீர்கள். பள்ளத்துக்குள் என்ன வெட்டினார்களோ அது வெளியிலேயே, வேலியில்லாத ஓடைகளிலும் கோயில் வாசல்களிலும் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போனால், வழியில் இரண்டு மூன்று பழைய பள்ளங்கள் தானாகவே கண்ணில் படும். பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறேன், அதைப் பிறகு விளக்குகிறேன்.

எந்தத் திசையிலிருந்து போவது என்பது முக்கியம். கும்பகோணத்துக்காரர்கள் வழக்கமாக அணைக்கரை, ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் போவார்கள். இந்தப் பயணத்துக்கு அது தலைகீழ். தஞ்சாவூர், திருச்சி புறவழிச்சாலை, அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் என்று மேற்கே போய், கிழக்கு நோக்கித் திரும்பி வாருங்கள். ஏனென்றால் பழைய கடல் கிழக்கிலிருந்துதான் வந்தது. மேற்கு ஓரத்தில் கருங்கல் பாறை. அதை ஒட்டி முதலில் படிந்த அடுக்குகள். கிழக்கே வர வர அடுத்தடுத்து இளைய அடுக்குகள். பாடாலூரில் தொடங்கினால் காலம் முன்னோக்கி நகரும். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணில் காலையில் நின்றுவிட்டு, மாலையில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிப் படுகையில் நிற்கலாம். பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிவிட்டால் போதும், மீதியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

பாடாலூரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஊட்டத்தூர். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் புவியியலாளரிடமும் ‘ஊட்டத்தூர் தொகுதி’ என்றால் தெரியும். இங்குள்ள கடல் படிவுகளில் ஆகப் பழையதற்கு இந்தச் சின்ன ஊரின் பெயர்தான். ஊரிலோ பெரும்பாலானவர்களுக்குச் சுத்தரத்தினேஸ்வரர் கோயில்தான் பெருமை. இங்குள்ள நடராஜர் உலோகத்தில் வார்த்தவர் அல்ல, பஞ்சநதனக் கல் என்று அவர்கள் சொல்லும் கல்லில் செதுக்கியவர். சிறுநீரகக் கோளாறு தீர வேண்டும் என்று வெட்டிவேர் மாலை கொண்டுவந்து சாத்துகிறவர்கள் வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். நடை பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். திங்கள், வெள்ளிக்கிழமை என்றால் நெடுஞ்சாலையில் இன்னும் வடக்கே போய் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் பார்த்துவிட்டு வரலாம். மற்ற நாட்களில் அந்தக் கோயில் வழக்கமாகத் திறக்காது, அலையாதீர்கள்.

அடுத்தது காரை, குளக்காநத்தம். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சாலையை விட்டு இறங்கி நடந்தால் திடீரென்று தரை உடைந்து ஆயிரக்கணக்கான ஓடைகளாகப் பிளந்து கிடக்கும். புல் பூண்டு அதிகம் இல்லாத களிமண் மேடுகள். சில இடம் சாம்பல், சில இடம் செம்பழுப்பு, சில இடம் மங்கிய மஞ்சள். மழை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கீழே இறக்கிக்கொண்டே போகிறது.

இங்கே நின்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். காய்ந்த களியின் மேல்தோல் பொரிந்து உதிரியாக இருக்கும், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். அதற்கு நடுவே வெயிலில் பளபளவென்று தகடு தகடாக மின்னுவது ஜிப்சம். ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். விரல் நகத்தால் கீறினால் கோடு விழும். கண்ணாடியில் விழாது, படிகாரம் போல நீரில் கரையவும் கரையாது. பிள்ளைகளை ஒரு தடவை கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் கடினத்தன்மை என்று ஒரு பக்கம் படிப்பதைவிட இது மனதில் நிற்கும். அந்தத் தகடுகளுக்குப் பக்கத்திலேயே விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, உடைந்த சாக்பீஸ் மாதிரி பழுப்பு நிறத்தில் சில துண்டுகள் கிடக்கும். அவை பெலம்னைட். கணவாய் மீனின் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரினத்தின் உள் ஓடு. உடைந்த முகத்தைப் பார்த்தால் நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கதிர் கதிராகப் போகும் கோடுகள் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் சுருள் சுருளான அம்மோனைட்டும் கண்ணில் படும், அதுவும் கணவாய்க்கு உறவான, அழிந்துபோன ஒரு கடலுயிரின் ஓடுதான்.

நீங்கள் கேட்ட பழைய சுரங்கம் என்ற கணக்கில் காரையும் சேரும். ஜிப்சத்தை இந்தக் களியிலிருந்து தோண்டி எடுத்துத்தான் சிமெண்டு ஆலைகளுக்கும் உரத்துக்கும் அனுப்பினார்கள். சிமெண்டில் ஜிப்சம் கொஞ்சம் சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்டதும் சட்டென்று இறுகிவிடும், கொத்தனார் கலவையைப் பூசுவதற்கு நேரமே கிடைக்காது. ஆழமான பள்ளம் எதுவும் இல்லை. ஜிப்சம் ஓடும் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆழமில்லாமல் தோண்டியதுதான். அந்தப் பள்ளங்களை மழை ஓடைகளோடு கலந்துவிட்டது. இப்போது எது மனிதன் வெட்டியது, எது மழை வெட்டியது என்று பிரித்துச் சொல்ல பழகிய கண் வேண்டும்.

ஒன்றே ஒன்று: எதையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்து இந்த அடுக்குகளில் அடி அடியாக அளந்து படிக்கிறார்கள். ஒரு புதைபடிவம் எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. வீட்டு ஷோகேஸுக்கு வந்த பிறகு அது வெறும் கல். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

அங்கிருந்து சாத்தனூர் கிட்டத்தில்தான், பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டம். கல்லாய்ப் போன மரம். இந்திய புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதை அடையாளம் கண்டார். நீளம் 18 மீட்டர். ஊசியிலை மர வகை. கரையோரக் காட்டிலிருந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடலடியில் மண்ணுக்குள் மூழ்கி, மரத்தின் இழைகளுக்குள் சிலிக்கா புகுந்து இறுகிக் கல்லாகிவிட்டது. வேலி போட்டு தேசிய புவியியல் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். பார்த்துவிட்டு நகர அரை மணி நேரம் போதும். உண்மையைச் சொன்னால், முன்னறிவு இல்லாமல் போகிறவர்களுக்கு ‘இதற்கா இவ்வளவு தூரம்’ என்று தோன்றும். காரையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தோன்றாது. அதனால்தான் காரையை முதலில் வைத்தேன்.

தெற்கே இறங்கினால் கருடமங்கலம். இங்கே கிடைத்த சிப்பிக் கல்லை வெட்டி மெருகேற்றினால் கறுத்த கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சங்கும் சிப்பியும் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் ‘திருச்சிராப்பள்ளி பளிங்கு’ என்று பெயர் வைத்து மேசைப் பலகைக்கும், காகிதத்தின் மேல் வைக்கும் கல்லுக்கும் பயன்படுத்தினார்கள். புவியியல் கணக்கில் அது பளிங்கே அல்ல, சிப்பிகள் நெருக்கியடித்துச் சேர்ந்த சுண்ணாம்புக்கல். பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு கல்லக்குடி. பழைய சுரங்கம் என்று இந்த வட்டாரத்தில் யாராவது ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். 1939 முதல் இங்கே சிமெண்டு ஆலை இருக்கிறது. ஊருக்கு டால்மியாபுரம் என்று பெயர் வந்ததும், அதை மாற்றச் சொல்லி 1953 ஜூலையில் கருணாநிதி தலைமையில் திமுகவினர் தண்டவாளத்தில் படுத்ததும், துப்பாக்கிச் சூடு நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில் நிலையத்தின் பெயர் பிறகு கல்லக்குடி பழங்காநத்தம் என்று ஆனது. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். இங்குள்ள கல் தனி ரகம். பவளப்பூச்சியும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய திட்டுகள் அது. ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குள் இன்று பார்ப்பது போன்ற ஒன்று, டெல்டாவின் வடமேற்கு மூலையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஒரு டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவைப்படுகிறது. எண்பது ஆண்டுக்கும் மேலாக எடுத்தால் பள்ளம் எவ்வளவு பெரியதாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மாடியும் கழிவறைத் தொட்டியும் அந்தப் பவளத் திட்டிலிருந்து வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பள்ளத்துக்குள் இறங்கலாமா என்றால், கூடாது. வேலை நடக்கும் சுரங்கம் என்றால் நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், வெடி வைக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாது. கல்லூரிகள் கடிதம் எழுதி அனுமதி வாங்கி மாணவர்களை அழைத்துப் போவதுண்டு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது ஒத்து வராது. கைவிட்ட பள்ளம் இன்னும் மோசம். மழைநீர் நிரம்பி, சுண்ணாம்பு கலந்து, பச்சையும் நீலமுமாக அப்படி ஓர் அழகாகக் கிடக்கும். குளத்தில் இறங்குவது போல இறங்கலாம் என்று தோன்றும். குளத்துக்குச் சரிவு உண்டு, இதற்குக் கிடையாது. வெட்டிய படி முடிந்த இடத்தில் செங்குத்தாக ஆள் உயரம் பல மடங்கு ஆழம். நீச்சல் தெரிந்தவர்களும் ஏற வழியில்லாமல் தவிப்பார்கள். ஓரத்து மண்ணும் பொலபொலவென்று சரியும். சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

சரி, பள்ளத்தின் சுவரில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. “மேல ஒரு ஆள் உசரம் கரிசல் தம்பி. அதுக்குக் கீழ மஞ்சக் கல்லு. அதுக்குள்ள பூரா சிப்பி. உள்ளங்கை அகலத்துக்கு. நாங்க சிப்பியத்தான் லாரில ஏத்துனோம், பேருதான் கல்லு.” அவர் சொன்னது கல்லங்குறிச்சிப் படுகை. கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடப்பது. புதைபடிவம் என்பதற்காக ஏதோ பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியதில்லை, வரப்போரத்திலும் வேலியோரத்திலும் கிடக்கும். ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மெல்ல நுரைக்கும், அதுதான் சுண்ணாம்பு. நம் பக்கத்தில் பழைய வீடுகளுக்குக் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். அரியலூரில் ஆலைகள் செய்வதும் அதையேதான். கிளிஞ்சல் மட்டும் 7 கோடி ஆண்டு பழையது.

கல்லங்குறிச்சி அரியலூருக்கு மிகக் கிட்டே. இங்குள்ள கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் உருவச் சிலை அல்ல, 12 அடி உயரக் கல் கம்பம். அதில் அனுமன் உருவம் புடைப்பாக இருக்கும். ராமநவமியை ஒட்டிய திருவிழாவுக்குச் சுற்று வட்டாரமே திரளும், புதிதாக விளைந்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கோயிலின் சுற்றுப்புறத்திலேயே சுரங்கங்கள் இருப்பதால் இந்தச் சாலையில் டிப்பர் லாரிகள் ஓயாமல் போகும். காரை மெதுவாக ஓட்டுங்கள், இருசக்கர வண்டியில் வருவதென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்த மண்ணின் சிறப்பு வெள்ளைக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த படிவங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்ட் இந்த வட்டாரம் முழுக்க நடந்து வரைபடம் போட்டு 1862இல் வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று தொகுதிகளின் பெயர் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்டொலிஸ்கா என்பவர் சிப்பி, நத்தை, அம்மோனைட் என்று ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து முடித்தார். பிளான்ஃபோர்ட் நடந்தது கார், ரயில் எதுவும் இல்லாத காலத்தில், இந்தக் களிமண் ஓடைகளில்.

டைனோசர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அரியலூர் என்றாலே யாராவது அதைக் கேட்டுவிடுகிறார்கள். கல்லமேட்டில் பெரிய எலும்புகள் கிடைத்தது உண்மை. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு இந்தியப் புவியியலாளர்கள் 1980களில் அதற்குப் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் 2 மீட்டர். ஆனால் அந்த எலும்புகள் ஈரத்தில் பொடிந்து போய்விட்டதால் இப்போது யாரும் கையில் எடுத்து அளக்க முடியாது. முட்டை விஷயம் வேறு. 2020இல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் ஊரெல்லாம் பரவியது. அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கடல் சேறு இறுகிய உருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். முட்டை என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வரும் வழியில் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடையில் பார்த்ததை எல்லாம் அங்கே பெயரோடு பார்க்கலாம். மதிய வெயிலைக் கழிப்பதற்கும் அது நல்ல இடம்.

வழியில் மருதையாற்றைக் கடப்பீர்கள். முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. 1956 நவம்பர் 23 அதிகாலையில் இது பெருக்கெடுத்து ரயில் பாலத்தை அடித்துக்கொண்டு போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காகத்தான். களிமண் பூமியில் மழைநீர் உள்ளே இறங்காது, பெய்தது அத்தனையும் ஓடைக்கே ஓடும். காரையில் பார்த்த பிளவுகளுக்கும் இந்த ஆற்றின் திடீர் வெள்ளத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

கீழப்பழுவூர், மேலப்பழுவூர் இரண்டும் பழுவேட்டரையர்களின் ஊர். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் பாடல் பெற்றது. மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூர் இரட்டைக் கோயில் 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அவனிகந்தர்ப்ப ஈஸ்வர கிருகம் என்று கல்வெட்டில் பெயர். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரட்டைக் கோயிலுக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, சிற்பத்தை நின்று பார்க்கலாம்.

அங்கிருந்து காரைவெட்டி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் ஏரி, சுமார் 454 ஹெக்டேர், 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. நீங்கள் தை மாதம் போவதால் சரியான நேரம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கள் அந்தச் சமயத்தில் இருக்கும். தலையில் இரண்டு கறுப்புக் கோடு, அதை வைத்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு முன்னால் போனால் பறவைகள் தூரத்தில் தூங்கி வழியும்.

திருமானூர் வந்ததும் நேரம் மிச்சமிருந்தால் இரண்டு இடம் உண்டு. வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் ஒன்று. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயில் இன்னொன்று. பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும் ஊர், ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று பெண்ணைப் பெற்றவர்கள் படையெடுப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாராகத் திருவையாற்று ஐயாறப்பர் ஆற்றைக் கடந்து வருவார். கங்கைகொண்ட சோழபுரத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே விட்டேன். கும்பகோணத்துக்காரர்கள் அதை எப்படியும் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டால் அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். இதோடு சேர்த்துத் திணித்தால் இரண்டும் கெடும்.

நெய்வேலியைப் பற்றியும் கேட்பீர்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கியது அது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. கரிக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளுவதால் இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தால்தான் அங்கே வேலையே நடக்கும். அதே கரி நம் டெல்டாவுக்கு அடியிலும் இருக்கிறது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்களை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்ததும், எதிர்ப்பு கிளம்பிய பிறகு எடுத்துவிட்டதும் நினைவிருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக்கு 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஒரு வேலி. நீர் மட்டம் இறங்கினால் சம்பா என்ன ஆகும் என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெய்வேலியைச் சுற்றுலாவாகப் பார்க்க முடியாது, அதற்கும் முன் அனுமதி வேண்டும்.

இவ்வளவு தூரம் முடியாது, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் சுருக்க வழி: திருவையாறு, திருமானூர், வாரணவாசி அருங்காட்சியகம், கல்லங்குறிச்சி, திரும்பும்போது காரைவெட்டி. காலை எட்டு மணிக்குக் கிளம்பினாலும் இருட்டுவதற்குள் வீடு. காரையை விட்டுவிடுகிறீர்கள், அது ஒன்றுதான் எனக்கு மனசில்லை. முழுச் சுற்று என்றால் விடியற்காலை ஐந்து மணிக்காவது புறப்பட வேண்டும். காரையில் நிழல் என்பதே கிடையாது, பத்து மணிக்குமேல் நிற்க முடியாது.

அதற்கு முதல் நாள் மழை பெய்திருந்தால் காரையைத் தள்ளிப்போடுங்கள். அந்தக் களி செருப்பில் ஒட்டினால் கழற்றி எறிய வேண்டியதுதான். கட்டுச் சோறும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், பாடாலூரை விட்டால் அரியலூர் வரை குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்படியான கடைகளை நம்ப முடியாது. பிள்ளைகளுக்கு ஷூ போட்டுவிடுங்கள். பூதக்கண்ணாடி ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்று.